மிஸ் கேட்ட ஷால் பின்

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீட்டில் ஓர் ஆங்கிலோ இந்தியப் பெண் தனியாக இருந்தார். ரயில்வே ஆபீஸில் டைப்பிஸ்ட். நாற்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். எல்லோரும் அவரை ‘மிஸ்’ என்றுதான் கூப்பிட்டோம். ஐம்பதுகளின் கடைசியில், சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு பிற்பகலில், தோளில் கம்பளிச் சால்வையோடு அவர் என் வாசலில் வந்து நின்றார். ஜுரம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

“உள்ள வாங்க மிஸ். உடம்பு சரியில்லையா?”

“உடம்புக்கு ஒண்ணும் இல்ல. நீங்க கொலுசு ரிப்பேர் பண்றீங்களாமே. இத மாதிரி ஒண்ணு செஞ்சு தர முடியுமா?”

உள்ளங்கையை விரித்தார். ஒரு வெள்ளி வளையம். கூடவே, இரண்டாக ஒடிந்த ஒரு குச்சி.

என் அப்பாவுக்குப் பெரிய கடை வீதிக்குப் பின்னால் வெள்ளிப் பட்டறை. கல்யாணத்துக்கு முன்பு கொலுசுத் திருகாணி எல்லாம் என் வேலைதான். புருஷன் வீட்டுக்கு வரும்போது குறடு, இரண்டு அரம், ஊதுகுழல் இவற்றையும் எடுத்து வந்தேன். காலனிப் பெண்களின் கொலுசும் மெட்டியும் என்னிடம் வரும். ஆனால் இப்படி ஒரு சாமானை நான் பார்த்ததே இல்லை. வளையம் காதுக்கு, குச்சி கொண்டைக்கு என்று நானே முடிவு செய்துகொண்டு, முடி நன்றாக நிற்கட்டும் என்று புதிதாகச் செய்த குச்சியின் முனையைக் கூராக ராவிக் கொடுத்தேன்.

மிஸ் அதை வாங்கி, சால்வையின் இரண்டு ஓரங்களையும் வளையத்துக்குள் கொஞ்சம் இழுத்து, குறுக்கே குச்சியைச் செருகினார். சால்வை நழுவாமல் பிடிக்கிற ‘ஷால் பின்’னாம் அது. கம்பளி நூல் ஒன்று பிரிந்து வெளியே தொங்கியது. அவர் முகம் சுருங்கிவிட்டது.

“குத்தக் கூடாதுங்க. பின்னல்ல தானாவே ஓட்டை இருக்கு பாருங்க. அதுல நுழைஞ்சு போகணும்.”

ஊசி என்றால் குத்தத்தானே வேண்டும்? குத்தாத ஊசியை எப்படிச் செய்வது என்று இரண்டு நாள் குழம்பினேன். பித்தளையில் முனை மழுங்க ஒன்று செய்தேன். வேர்வை பட்டு வெள்ளைக் கம்பளியில் பச்சைக் கறை ஏறியது. பிறகு அப்பாவிடம் ஜெர்மன் சில்வர் கம்பி வாங்கி வந்து, வளைத்து, பற்றவைத்து, ராவி, புளி போட்டுத் தேய்த்தேன். விளக்குத் திரிப் பஞ்சில் முனையை இழுத்துப் பார்ப்பேன். ஓர் இழை மாட்டினாலும் மறுபடி தேய்ப்பு. பஞ்சு அசையாமல் கிடந்த அன்று மிஸ் என் விரல்களைப் பிடித்துக்கொண்டு, “இன்னும் ஏழு வேணும்,” என்றார்.

என் கணவர் சிரித்தார். “ஊரே வேகுது. நீ கம்பளிக்கு ஊசி செய்யற. யாரு போட்டுக்கப் போறாங்க?”

எனக்கும் தெரியவில்லை. சனிக்கிழமை மத்தியானம் மிஸ் வீட்டு வராந்தாவுக்குப் போனேன். மிஸ்ஸோடு சேர்த்து எட்டுப் பெண்கள் மடி நிறையக் கம்பளி நூலோடு உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் வேர்வை வழிகிறது, ஊசிகள் டக் டக்கென்று ஓடுகின்றன. ஒருத்திக்கு இலை வைத்த ஷால் பின் வேண்டும், ஒருத்திக்கு மீன், ஒருத்திக்குச் சங்கு. எல்லாவற்றையும் மனதில் வாங்கிக்கொண்டு, “எல்லாரும் ஊட்டிக்குப் போறீங்களா?” என்று கேட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அதில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்ததால் வந்த கண்ணீரா, வேறா என்று எனக்குப் புரியவில்லை.

கேட் வரை கூட வந்த மிஸ்தான் சொன்னார். “இங்கிலாந்துக்குப் போறோம். ஒவ்வொரு குடும்பமா, கப்பல்ல.”

“எதுக்குங்க?”

“அதுதான் எங்க ஊருன்னு சொல்றாங்க.”

“யாரு?”

“எல்லாருந்தான்.”

“நீங்க அந்த ஊரைப் பாத்திருக்கீங்களா?”

“இல்ல. நான் பொறந்தது அரக்கோணம்.”

எட்டு ஷால் பின்னும் முடிந்தன. அடுத்த ஒன்றரை வருஷத்தில் சனிக்கிழமை வராந்தாவில் நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கடைசியில் மிஸ்ஸின் முறை வந்தது. வேலையை விட்டார். கட்டில், பீரோ எல்லாம் விற்றார். சால்வைகளை டிரங்குப் பெட்டியில் வைத்து முன்னாலேயே பம்பாய்த் துறைமுகத்துக்கு அனுப்பிவிட்டார். கிளம்பும் நாளன்று நானும் என் கணவரும் ஜங்ஷன் வரை போனோம். மிஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கவுனின் பொத்தான் துளையில் நான் செய்த ஷால் பின் செருகியிருந்தது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். கார்டு விசில் ஊதினார்.

மிஸ் எழுந்தார். கைப்பெட்டியை எடுத்தார். இறங்கிவிட்டார்.

ரயில் போய்விட்டது. பிளாட்பாரத்தில் நாங்கள் மூவரும் நின்றோம்.

“என்ன மிஸ், எதையாவது மறந்துட்டீங்களா?” என்றேன்.

“இல்லையே,” என்றார், நான் ஏதோ அசட்டுத்தனமாகக் கேட்டதுபோல.

நாங்கள் வந்த ஜட்கா வண்டி இன்னும் வெளியில்தான் நின்றது. அதிலேயே திரும்பினோம். என் கணவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். நான் முழங்கையால் இடித்தேன். டிரங்குப் பெட்டி மட்டும் யாரோ தோழியோடு கப்பலேறி அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தது.

மிஸ் கண்டோன்மெண்டில் ஓர் அறை எடுத்துக்கொண்டார். ஒரு வக்கீலுக்கு டைப் அடித்துக் கொடுத்தார். ஏன் போகவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு பதில். தபால்காரரிடம் வயிற்றுவலி என்றார். சர்ச்சுக்காரர்களிடம் கப்பல் பேப்பர் சரியாக இல்லை என்றாராம். என் கணவரிடம், “அங்க ரொம்பக் குளிருங்க,” என்றார். வருஷக் கணக்காகக் கம்பளி பின்னியவருக்குக் குளிர் பயமா? வீட்டுக்கு வந்து என் கணவரும் நானும் எவ்வளவோ யோசித்துப் பார்த்தோம்.

அறுபதுகளில் மாமியாருக்கு முடியாமல் போய், நாங்கள் ஸ்ரீரங்கத்துக்குக் குடிபோனோம். மாதம் ஒருமுறை மிஸ் டவுன் பஸ் ஏறி வருவார். போன தோழிகள் கடிதம் எழுதியிருப்பார்கள். அங்கே பின்னுகிறவர்கள் இந்த ஷால் பின்னைப் பார்த்துவிட்டு, தங்களுக்கும் வேண்டும் என்கிறார்களாம். நான் செய்வேன், மிஸ் பார்சல் கட்டுவார். வீட்டுக்கார மாமி ஒருநாள் வளையத்தைக் கையில் எடுத்து, “இது பெருமாளுக்குச் சாத்தறதா?” என்று பயபக்தியாகக் கேட்டாள். “இல்ல மாமி, குளிருக்கு,” என்றேன். மாமி வெளியே காயும் வெயிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஒரு காலத்தில் நானும் அப்படித்தானே நின்றேன்.

அன்று மிஸ் வந்திருந்தபோது எனக்கு அடக்க முடியவில்லை.

“மிஸ், தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்கு ஏன் எறங்கிட்டீங்க?”

அவர் ஆச்சரியமாக என்னைப் பார்த்தார். “ஜன்னல் பக்கத்துல நின்னு என்னையே பாத்துட்டு இருந்தீங்களே. உங்களுக்குப் புரிஞ்சிருச்சுன்னுல்ல நெனச்சேன்! அதனாலதான் உங்ககிட்ட மட்டும் நான் எதுவும் சொல்லல.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று அந்த ஜன்னல் பக்கத்தில் நின்றபோது, வீட்டில் பாலை மூடி வைத்தேனா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதுதான் உண்மை. அதை எப்படிச் சொல்வது?

“ஆமா மிஸ்,” என்று தலையாட்டினேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. கடிதத்தைப் பிரித்து, மீன் வைத்த ஷால் பின் மூன்று வேண்டும், வால் மட்டும் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும் என்று சொல்லத் தொடங்கினார். நான் கம்பியை எடுத்து அளந்தேன். கை அளந்ததே தவிர, எத்தனை விரற்கடை என்று மனதில் நிற்கவில்லை. மூன்று தடவை அளந்தேன்.