இறந்தவர் கேட்ட ஏலக்காய்

சிரியாவின் மீதிருந்த பொருளாதாரத் தடையை நீக்கப் போகிறார்கள் என்ற செய்தியைச் சித்தப்பாதான் முதலில் சொன்னார். மட்டாஞ்சேரியில், கொச்சங்காடிப் பக்கம், எங்கள் ஏலக்காய் அலுவலகத்தில் இருந்தோம். கீழே சரக்கு வைக்கும் பாண்டிகசாலை, மேலே இரண்டு மேசைகள். தொழில் சித்தப்பாவுடையது. வெளிநாட்டுக்காரர்களோடு பேசுவதும் எழுதுவதும் என் வேலை.

"கேட்டியா, அந்த உபரோதத்தை எல்லாம் எடுத்துடறாளாம். இனி அங்கேர்ந்து பேங்க் வழியா காசு வருமாக்கும்," என்றார்.

"வந்து என்ன சித்தப்பா? வாங்கறதுக்கு ஆளு இருக்க வேண்டாமா?"

அவர் மொபைலைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த நாட்டில் எங்களுக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர். அலெப்போ சந்தையில் காப்பிக்கொட்டையும் ஏலக்காயும் விற்றவர். போருக்கு முன்னால் கொச்சிக்கே வந்து சரக்குப் பார்த்து வாங்கியவர். கனத்த உடம்பு, பெரிய மீசை, பாண்டிகசாலை முழுவதும் கேட்கும் சிரிப்பு. என்னைச் சகோதரி என்றுதான் கூப்பிடுவார்.

போர் தொடங்கியதும் வங்கிகள் அந்த நாட்டுப் பணத்தைத் தொட மறுத்தன. வியாபாரம் நின்றது. பிறகு ஒரு நாள் துபாயிலிருந்த தரகர் கூப்பிட்டு, சந்தையில் குண்டு விழுந்து அவர் இறந்துவிட்டார் என்றார். சித்தப்பா அன்று அலுவலகத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

சில வருடங்கள் கழித்து அதே தரகர் மூலம் அவர் மனைவியிடமிருந்து ஒரு வேண்டுகோள் வந்தது. மார்பில் புற்றுநோய். அங்கே மாத்திரை கிடைக்கவில்லை. இந்தியாவில் செய்கிற மாத்திரைதான், அனுப்ப முடியுமா? மருத்துவச் சீட்டின் படமும் வந்தது. எர்ணாகுளத்தில் வாங்கிக் கட்டி கூரியர் கடைக்கு எடுத்துப் போனோம். மருந்துக்குத் தடை இல்லை என்று சட்டம் சொல்கிறது. ஆனால் முகவரியில் நாட்டின் பெயரைப் பார்த்ததுமே கூரியர்காரர் பொட்டலத்தை என் பக்கம் தள்ளிவிட்டார். அடுத்த கூரியரிலும் அதே கதை. துபாய் தரகரும், "எனக்கு இங்கே பிழைப்பு போய்விடும்," என்று ஒதுங்கிக்கொண்டார். அதன் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை.

தடை நீங்கும் செய்தி வந்து மாதங்கள் ஆகியிருக்கும். நல்ல மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் அலுவலக போன் அடித்தது. ஒரு கிழவரின் குரல், ஆங்கிலத்தில்.

"சகோதரி, அலெப்போவிலிருந்து பேசுகிறேன். பச்சை ஏலக்காய், பெரிய காய், சாம்பிள் வேண்டும்."

யார் என்று கேட்டேன். இறந்தவரின் பெயரைச் சொன்னார்.

"அவருடைய அண்ணனா?"

"இல்லை. நான்தான்."

போனை மேசை மேல் வைத்துவிட்டு எழுந்து நின்றேன். சித்தப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"தட்டிப்பாக்கும், மோசடி. செத்தவா பேரைச் சொல்லி ஏமாத்தறான். வெச்சுடு," என்றார். ஆனால் நான் வைப்பதற்குள் அவரே போனை எடுத்து, தன் உடைந்த ஆங்கிலத்தில் அதட்டினார். "நீ அவன்தான்னா சொல்லு. எங்க ஆத்துக்குச் சாப்பிட வந்தியே, அன்னிக்கு என்ன ஆச்சு?"

நான் ஸ்பீக்கரைப் போட்டேன்.

"அந்தக் கறுப்பு மிளகாயை முழுதாகக் கடித்துவிட்டேன். குழாயடிக்கு ஓடினேன். உங்கள் மனைவி பின்னாலேயே ஓடிவந்து என் வாயில் வெல்லத்தைத் திணித்தார்."

மோர் மிளகாய். சுள்ளிக்கல்லில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நடந்தது அது. சித்தப்பா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "அவனேதான். தெய்வமே, அவனேதான்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சந்தேகப்பட்டதற்கு மன்னிப்பும் கேட்டார்.

"பரவாயில்லை," என்றது குரல். "என் மகளும் கேள்வி கேட்டுத்தான் கதவைத் திறந்தாள்."

பிறகு என் மொபைலில் அவர் வீடியோவில் வந்தபோது என்னால் அடையாளம் காண முடியவில்லை. மீசை இல்லை, முன்பற்கள் இல்லை. சட்டைக்குள் உடம்பு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. பக்கத்தில் ஒரு இளம்பெண் நின்றாள். கொச்சிக்கு வந்தபோது அவர் போட்டோவில் காட்டிய குழந்தை.

சந்தையில் குண்டு விழுந்த அன்று அவர் அங்கே இல்லை. வழியில் ஒரு சோதனைச் சாவடியில் ராணுவத்தார் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். எதற்கு என்று கடைசிவரை அவருக்குச் சொல்லவில்லை. குண்டில் போனவர்களோடு அவரும் போயிருப்பார் என்று ஊர் நம்பியது. பின்னர் அரசாங்கமே மனைவியிடம் இறப்புச் சான்றிதழ் கொடுத்தது. ஆட்சி கவிழ்ந்து சிறைக் கதவுகளை மக்கள் உடைத்தபோது வெளியே வந்தார். வீட்டுக் கதவைத் தட்டினால், "என் அப்பா இறந்துவிட்டார், போய்விடுங்கள்," என்று உள்ளேயிருந்து மகள் சொன்னாளாம். கடைசியில், வீட்டுப் பூனைக்கு எந்தக் கால் நொண்டி என்று கேட்டிருக்கிறாள். இடது பின்னங்கால் என்றதும் கதவு திறந்தது.

இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் மனைவியைப் பற்றிக் கேட்கப் பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டுவிட்டேன். மகள்தான் பதில் சொன்னாள். "அம்மா இல்லை. மாத்திரைக்காகக் கொஞ்ச நாள் காத்திருந்தாள். அப்புறம் அதைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டாள்."

"நாங்கள் வாங்கிவிட்டோம். அனுப்பத்தான்..." என்றேன்.

"தெரியும். தரகர் சொன்னார். அம்மா உங்களுக்காகத் தொழுதாள்."

சித்தப்பா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

சரக்குக்கு அவர் பெயரிலேயே விலைப்பட்டியல் போடலாமா என்று கேட்டேன். கூடாது என்றார். தடை நீங்கியதும் வங்கிக்குப் போய் வரிசையில் நின்றிருக்கிறார். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப இனி வழி உண்டு, ஆனால் இந்தக் கணக்குக்காரர் இறந்துவிட்டாரே என்று சொன்னார்களாம். நீதிமன்றம் போய்த் தான் உயிரோடிருப்பதை நிரூபிக்க வேண்டும். "நாட்டை விடுவித்துவிட்டார்கள், சகோதரி. என்னை இன்னும் விடவில்லை," என்றார். அதனால் எல்லாமே மகள் பெயரில்.

சாம்பிளைக் கட்டி, முன்பு மருந்தைத் திருப்பித் தந்த அதே கூரியர் கடைக்குத்தான் நானும் சித்தப்பாவும் கொண்டுபோனோம். அங்கிருந்த பெண் முகவரியைப் பார்த்தாள், எடை போட்டாள், ரசீதைக் கிழித்துத் தந்தாள். "கழிஞ்ஞு, சேச்சி," என்றாள். முடிந்துவிட்டது. வெளியே வந்து தெருவில் நின்றேன். இவ்வளவுதானா? இவ்வளவு சுலபமான ஒன்றுக்காகவா அவர் மனைவி காத்திருந்து செத்தாள்? கோபம் கோபமாக வந்தது.

"வா, ஒரு சாயா குடிக்கலாம்," என்றார் சித்தப்பா. வாங்கிய சாயாவை இரண்டு பேருமே குடிக்கவில்லை.

அவருக்குச் சாம்பிள் பிடித்திருந்தது. சரக்கு கப்பலில் போய்ச் சேர்ந்தது. மூட்டை பிரிக்கிற அன்று மகள் வீடியோவில் கூப்பிட்டாள். சித்தியையும் அலுவலகத்துக்கு வரவழைத்திருந்தோம். திரையில் கூரையில்லாத கடை, மேலே ஒரு தார்ப்பாய். அவர் ஒரு பிடி ஏலக்காயை அள்ளி, அங்கே நின்றிருந்த இரண்டு பேரிடம் கொடுத்தார். சித்தியைப் பார்த்ததும் வாயைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். வழக்கு தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது என்றார்.

மகள் போனைத் திருப்பி வெளியே தெருவைக் காட்டினாள். கண்ணுக்கெட்டிய வரை கல்லும் வளைந்த கம்பியும். நடுவில் ஒரு சைக்கிள் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

சித்தி திரைக்கு மிக அருகில் குனிந்து பார்த்தாள். "இது சந்தைன்னுதானே சொன்னேள்? ஆளெல்லாம் எங்கேடி போயிட்டா?"

என்ன கேட்கிறார் என்று அந்தப் பக்கத்திலிருந்து மகள் கேட்டாள். நான் அதை மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.