சர்வருக்குள் இன்னொருவர்

காலை பத்தரை மணிக்குள் மூன்று முறை அழைத்துவிட்டார் ரீத்தா. கணினி பழுதுபார்க்கப் போனால், இயந்திரத்தைக் காட்டுவதற்கு முன்பே யார்மேல் சந்தேகம் என்று சொல்லிவிடுவார்கள். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு இது புதிதாக இருக்காது.

பாதி பில்

ரீத்தா, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு மசாலா மொத்த வியாபாரக் கடையின் கணக்கர். கணவருக்குக் கால் முறிந்ததிலிருந்து பாயான் பாரு வீட்டில் இருந்தபடியே, தொலைவிலிருந்தே இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாகக் கடையின் சர்வர் கணினிக்குள் நுழைந்து வேலை செய்கிறார். பாதி பில் அடிக்கும்போது வெளியே தள்ளிவிடுகிறதாம். வழக்கம்போல நான் வீட்டு இணையத்தின்மேல் பழியைப் போட்டேன். அவர் திரையில் வந்ததைப் படித்துக் காட்டினார்: அதே பெயரில் வேறொருவர் நுழைந்ததால் தொடர்பு துண்டிக்கப்பட்டது.

"லைன் நல்லாத்தாண்ணே இருக்கு. என் பேர்ல உள்ள போறது யாருன்னு பாருங்க."

மிச்சம் யார்

முதலாளி அலாவுதீன் பதிலைத் தயாராக வைத்திருந்தார். ரீத்தா பாஸ்வேர்டைப் போட்டிக் கடைக்காரனுக்குக் கொடுத்திருக்கிறார்; வெள்ளிக்கிழமைக்குள் நான் வேறு ஆளைக் கண்டுபிடித்துக் காட்டாவிட்டால் அவரை வேலையைவிட்டு நிறுத்திவிடுவார். நீங்கள் உள்ளே போவதுண்டா என்று கேட்டேன். கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை என்றார்.

பாஸ்வேர்டை மாற்றினேன். கல்லாச் சாவியோ பாஸ்வேர்டோ, எதுவானாலும் ஒன்று முதலாளியிடமும் இருக்க வேண்டும் என்பது அந்தக் கடை வழக்கம். கொடுத்தேன். மறுநாளும் ரீத்தா வெளியே தள்ளப்பட்டார். முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"புதுசு தெரிஞ்சது மூணே பேருக்கு. நான் இல்ல. அவளும் இல்லேங்கிறே. அப்ப மிச்சம் யாரு தம்பி?"

சும்மா பார்த்தது

வெள்ளிக்கிழமை கடையிலேயே உட்கார்ந்துகொண்டேன். முதலாளி எதிர் மேசையில். ரீத்தா வீட்டிலிருந்து என்னோடு தொலைபேசியில் பேசியபடியே பில் அடித்துக்கொண்டிருந்தார். "போச்சுண்ணே!" என்றார். அதே நேரம் முதலாளி தன் ஹேண்ட்ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அதில் ரீத்தாவின் பாதி பில் அசையாமல் நின்றது.

ரீத்தாவின் பெயரிலேயே உள்ளே போகும்படி முதலாளியின் மகன் போட்டுக்கொடுத்ததாம். கடைக் கேமராவைத் திறந்து பார்ப்பதுபோல, ரீத்தா வேலை செய்கிறாரா என்று அவ்வப்போது இதையும் திறந்து பார்ப்பாராம். இது கேமரா இல்லை, நீங்கள் உள்ளே வந்தால் ரீத்தா வெளியே போய்விடுவார் என்று விளக்கினேன். ரீத்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். முதலாளி அசரவில்லை.

"உள்ள எங்க போனேன்? சும்மா பார்த்தேன் லா. நான் பார்க்கிறப்பல்லாம் அவ வேலை செய்யலையே, அதுக்கு என்ன சொல்றே?"

அவருக்குத் தனிப் பெயரில் வழி செய்துகொடுத்தேன். அதில் ரீத்தாவின் திரை தெரியாது என்றதும் ஹேண்ட்ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இனி யாரும் தள்ளமாட்டார்கள், வேலைக்கும் ஆபத்தில்லை என்று ரீத்தாவிடம் சொன்னேன். அவர் நன்றி சொல்லவில்லை.

"இத்தனை நாளா முதலாளி என் எதிர்ல உக்காந்து பார்த்த மாதிரிதானேண்ணே?"

அடுத்த மாதம் முதல் தேதி, ரீத்தா செபராங் ஜெயாவில் வேறொரு கம்பெனியில் கணக்கராகச் சேர்ந்தார்.