ஒதுங்காத சைக்கிள்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். சாலமோன் குடிக்காத மனுஷன். பொடி கூடப் போடமாட்டான். வேதப் புத்தகத்தின் மேல் கை வைக்கச் சொன்னால் தயங்காமல் வைப்பான். சாகிற வரைக்கும் எத்தனை தரம் கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொன்னான். ஒரு நிமிஷம் கூடவும் இல்லை, ஒரு வார்த்தை குறையவும் இல்லை. அவன் வேலை பார்த்த மிட்டாதாரின் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லமாட்டான். அந்த வீட்டில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பான். அதனால் இங்கேயும் அந்தப் பெயர் இல்லை.

பாளையங்கோட்டைக்காரனான சாலமோன் சென்னைப் பட்டணம் போய் மோட்டார் ஓட்டப் படித்து வந்தவன். ஜமீன் போல நாலைந்து ஊரை ஆண்ட மிட்டாதார் சிவசண்முகம் பிள்ளை அவனைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார். நேரம் தவறக் கூடாது என்று ஒரு பாக்கெட் கடிகாரமும் வாங்கிக் கொடுத்தார். கனத்த உடம்பு அவருக்கு. அவர் காலை வைத்து ஏறினால் வண்டி ஒரு பக்கம் அமிழ்ந்து எழும். மோட்டார் சத்தம் கேட்டதும் மாட்டுவண்டிகள் ஒதுங்க வேண்டும். நடந்து போகிறவர்கள் நிற்க வேண்டும். சைக்கிளில் வருகிறவன் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் தெரியும்.

1913 செப்டம்பர் 2, செவ்வாய்க்கிழமை. காலை பத்தே முக்கால் மணி. திருநெல்வேலியிலிருந்து ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பேட்டையைத் தாண்டி, சுத்தமல்லிக்கு முன்னால் வாய்க்கால் மேல் ஒரு சின்னப் பாலம் உண்டு. அதற்கு நூறு கெஜம் இப்பால் முன்னே ஒரு சைக்கிள் போய்க்கொண்டிருந்தது. காக்கிச் சட்டை, தோளில் தோல் பை. தந்திச் சேவகர் நாறும்பூநாதன்.

சாலமோன் ஹாரனை அமுக்கினான்.

அவர் இறங்கவில்லை. ரோட்டின் இரண்டு ஓரமும் வண்டிச் சக்கரங்கள் உழுது போட்ட பள்ளம். நடுவில் மட்டும்தான் சைக்கிள் உருளும். அவர் திரும்பிப் பார்த்தார். வண்டியை அடையாளம் கண்டுகொண்டது போல முகம் மலர்ந்தது. இடது கையைப் பைக்குள் விட்டு எதையோ எடுத்து, மேலே தூக்கி ஆட்டினார். காலோ மிதித்தபடியே இருந்தது.

"கையை ஆட்டிக் காட்டுதான் பாத்தியாலே?" என்றார் மிட்டாதார்.

"ஒதுங்கிருவான் எசமான். கொஞ்சம் பொறுங்க."

"ஏத்துலே."

சாலமோன் ஏற்றவில்லை. ஒட்டி மட்டும் போகலாம் என்று நினைத்தான், பயந்து இறங்கிவிடுவார் என்று. பாலத்தில் ஏறும்போது வண்டியின் முன் மூலை சைக்கிளின் பின்சக்கரத்தைத் தட்டியது. டணார் என்று ஒரு சத்தம். தந்திச் சேவகர் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் மோதி, வாய்க்காலுக்குள் விழுந்தார்.

சாலமோன் இறங்கி ஓடினான். முழங்கால் தண்ணீர். கரையோரம் மல்லாந்து கிடந்தார் அந்த மனுஷர். நெஞ்சு ஒரு பக்கமாக உள்ளே போயிருந்தது. கண் திறந்திருந்தது.

"அண்ணாச்சி... தண்ணி."

வாய்க்கால் கலங்கல். ஆனால் மோட்டாருக்கு ஊற்ற வண்டியில் இரண்டு தகரம் நல்ல தண்ணீர் இருந்தது. சாலமோன் மேலே பார்த்தான்.

"வந்து ஏறுலே வண்டியில" என்றார் மிட்டாதார்.

ஏறினான். திரும்பும்போது தண்ணீரில் ஒரு மடித்த காகிதம் மிதந்து போவதைப் பார்த்தான். எடுக்கவில்லை.

தந்திச் சேவகர் தானே நிலை தவறிப் பாலத்தில் மோதி விழுந்தார் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. கேட்டபோது சாலமோனும் அதையே சொன்னான்.

நான்காம் நாள் மிட்டாதார் வீட்டுக்குச் சென்னையிலிருந்து தந்தி வந்தது. காலேஜில் படித்த ஒரே மகன் காலராவில் போய்விட்டான். 'செவ்வாய்க்கிழமை கொடுத்த அவசரத் தந்திக்குப் பதில் இல்லை, காரியம் முடித்துவிட்டோம்' என்றிருந்தது. அப்போதுதான் சாலமோனுக்குப் புரிந்தது, அந்தக் கை எதைத் தூக்கி ஆட்டியது என்று.

மிட்டாதாருக்கும் புரிந்தது. ஆனால் அவர் அழுதது ஒரு நாள்தான். இரண்டாம் நாள் முற்றத்தில் நின்று பல்லைக் கடித்தார். "அந்தப் பய இறங்கி நின்னிருந்தா தந்தி என் கைக்கு வந்திருக்குமில்லா? எம் பிள்ளையைக் கொன்னவன் அவன்."

பதினாறாம் நாள் காரியம் கழிந்து நாறும்பூநாதன் பெண்சாதி அன்னத்தாய் மிட்டாதார் வீட்டுக்கு வந்தாள். வாசலில் நின்று கூப்பிடவில்லை, அழவில்லை. இரண்டு கையாலும் மண்ணை வாரி அந்த வீட்டைப் பார்த்துத் தூற்றினாள். பிறகு மோட்டார் கொட்டகைப் பக்கம் வந்து சாலமோன் முன்னால் நின்றாள்.

"நீருதான வண்டி ஓட்டுனது?"

அவன் தலையசைத்தான்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லும். சாவையில அவிய தண்ணி கேட்டாவளா?"

"கேக்கல தாயி" என்றான் சாலமோன்.

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் மிட்டாதாருக்கு சைக்கிளைக் கண்டாலே ஆகாது. "ஒட்டிப் போலே" என்பார். கங்கைகொண்டான் சாலையில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், பெயர் தேவசிகாமணி, பள்ளத்தில் உருண்டு கை ஒடிந்தார். பின்னால் சாய்ந்து உட்கார்ந்தபடி மிட்டாதார் சிரித்தார். சாலமோன் வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது. வேலையை விட்டுவிடச் சொல்லி அவன் மனைவி கெசியா மன்றாடினாள். விடுகிறேன், விடுகிறேன் என்று ஆறு மாதம் போய்விட்டது.

1914 மார்ச் 25. பங்குனி மாசம், புதன்கிழமை.

காலையில் மிட்டாதாரைத் திருநெல்வேலி ரத வீதியில் இருந்த அவருடைய இன்னொரு வீட்டில் விட்டான். சாயந்தரம் ஊர் திரும்ப வேண்டும். ஐந்து ஐம்பதுக்கு வாசலில் வண்டியைத் திருப்பி நிறுத்தி, குனிந்து இரும்புக் கைப்பிடியைச் சுற்றி மோட்டாரை உசுப்பினான். நிமிர்ந்தபோது மிட்டாதார் பின்னால் உட்கார்ந்திருந்தார். தூசிக்காக முகத்தைச் சுற்றி உருமால் கட்டியிருந்தார். அது வழக்கம்தான்.

ஆனால் அவர் ஏறியபோது வண்டி அமிழவில்லை.

சாலமோன் அதைக் கவனித்தான். கவனித்துவிட்டு, நாம் குனிந்திருந்தோம், தெரியவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

பேட்டை ரயில்வே கேட்டில் நான்கு நிமிஷம் நிற்க வேண்டியிருந்தது. மற்ற நாளாக இருந்தால் கேட் காவலாளியின் ஏழு தலைமுறையையும் திட்டியிருப்பார். அன்றைக்குச் சத்தமே இல்லை. கேட் பக்கத்தில் கட்டியிருந்த வெள்ளாடு ஒன்று வண்டியின் பின்சீட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டே கயிற்றை இழுத்தது.

ஆறு மணி ஆறு நிமிஷம். கேட் திறந்தது.

பேட்டை வீடுகள் முடிந்தன. அறுத்த வயல்கள். வெளிச்சம் மஞ்சளாக இருந்தது.

ஆறு பத்து. பின்னால் ஒரு மணிச் சத்தம்.

கிணிங்... கிணிங்.

சைக்கிள் மணி. சாலமோன் திரும்பிப் பார்த்தான். தூசிதான் இருந்தது. வேகத்தைக் கூட்டினான். எந்த சைக்கிளும் அந்த வேகத்துக்கு வரமுடியாது.

கிணிங்... கிணிங்.

அதே தூரத்தில்.

பிறகுதான் ரோட்டைப் பார்த்தான். வண்டிக்கு முன்னால், நடு ரோட்டில், ஒற்றைச் சக்கரத் தடம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. புதுத் தடம். புழுதி ஈரமாக இருந்தது. மழை பெய்து மூன்று மாதம் ஆகிறது. மேட்டில் மூச்சு வாங்க மிதிக்கிற ஆளுடைய சைக்கிள் போலத் தடம் வளைந்து வளைந்து போனது.

தடம் இருந்தது. சைக்கிள் இல்லை.

"எசமான்..." என்றான்.

பின்னாலிருந்து பதில் வந்தது. மிட்டாதாருடைய குரல்தான்.

"பைய ஓட்டும், அண்ணாச்சி."

மூன்று வருஷத்தில் அவர் அவனை 'லே' போடாமல் கூப்பிட்டதில்லை. அண்ணாச்சியா...

திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை.

ஆறு பதினெட்டு. பாலம் தெரிந்தது.

"அங்கன நிறுத்தும்."

அவன் நிறுத்தவில்லை. வேகத்தைத்தான் கூட்டினான்.

மோட்டார் இருமியது. ஒரு தரம். இரண்டு தரம்.

நின்றது. பாலத்தின் நடுவில்.

ஆறு இருபது.

காற்று இல்லை. தவளைச் சத்தம் இல்லை. காய்ந்து கிடந்த வாய்க்காலில் யாரோ நடக்கிற சளக்... சளக்...

"அண்ணாச்சி..."

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"தண்ணி."

இப்போது அது மிட்டாதார் குரல் இல்லை.

சாலமோன் தண்ணீர்த் தகரத்தை எடுத்தான். திரும்பினான். இரண்டு கையாலும் பின்சீட்டுக்கு நீட்டினான்.

யாரும் வாங்கவில்லை.

மிட்டாதார் நேராக உட்கார்ந்திருந்தார். உருமால் அவிழ்ந்து மடியில் கிடந்தது. வாய் திறந்திருந்தது. கண் திறந்திருந்தது. வெள்ளைச் சட்டையில், இடது தோளிலிருந்து வலது இடுப்பு வரைக்கும், ஈரப் புழுதியில் ஒரு சக்கரத் தடம்.

தகரம் கையிலிருந்து விழுந்தது.

பேட்டை வரைக்கும் ஓடினான். பின்னால் மணி அடிக்கவில்லை.

உடம்பை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது மணி எட்டு. சர்க்கார் டாக்டர் துணியை விலக்கினார். மேலே ஒரு கீறல் இல்லை. உள்ளே நெஞ்செலும்பு ஒரு பக்கமாக நொறுங்கிப் போயிருந்தது. டாக்டர் பிணத்தின் கையை மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை. செத்து ஆறேழு மணி நேரம் ஆன உடம்பு மாதிரி விறைத்துவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சாலமோனைப் பார்த்தார்.

"எத்தனை மணிக்கு ஏறினார் என்று சொன்னாய்?"

"அஞ்சு அம்பது அய்யா. வழியில எங்கூடப் பேசினாரு."

டாக்டர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

விடிந்ததும் சாலமோன் அன்னத்தாய் வீட்டுக்குப் போனான். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றான்.

"தண்ணி கேட்டாவ தாயி. வண்டியில ரெண்டு தகரம் இருந்துச்சு. நான் குடுக்கல."

அவள் நெல்லைப் புடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. மிட்டாதார் செத்த செய்தி அவளுக்கு வந்து சேர்ந்திருக்கும் போல. முகத்தில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை.

"சொல்லிட்டீருல்லா" என்றாள். "இனிமே இங்கன வராதேயும்."

அந்த வாரமே அவள் போலீசில் மனு எழுதிக் கொடுத்தாள். சாலமோன் இல்லை என்று சொல்லவில்லை. ஒன்றரை வருஷம் பாளையங்கோட்டை ஜெயிலில் இருந்தான். வெளியே வந்த பிறகு மோட்டாரைத் தொடவே இல்லை.

ஜெயிலில் இருக்கும்போதுதான் அந்த விஷயம் அவன் காதுக்கு வந்தது. மிட்டாதாரின் ரத வீதி வீட்டுக்கு விசாரிக்கப் போன ஏட்டு ஒருவர் சொன்னார்.

அன்று மிட்டாதார் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டார். மாடிக்குப் படுக்கப் போனார். ஒரு மணிக்கு மாடியில் என்னவோ பொத்தென்று விழுந்த சத்தம் கேட்டது, கட்டிலிலிருந்து செம்பு உருண்டிருக்கும் என்று சமையற்காரன் நினைத்தான். அவர் படி இறங்கி வந்ததை யாரும் பார்க்கவில்லை. சாயந்தரம் மோட்டார் கிளம்பிப் போன சத்தத்தைக் கேட்டு, எசமான் போய்விட்டார் என்று இருந்துவிட்டார்கள்.

இரவு பத்து மணிக்குப் போலீஸ் போனபோது மாடியறைக் கதவு திறக்கவில்லை. கடப்பாரை போட்டுப் பெயர்த்தார்கள்.

உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. அந்த அறைக்கு வேறு கதவு கிடையாது. இரண்டு ஜன்னலுக்கும் இரும்புக் கம்பி.