எஞ்சின் இல்லாத பெட்டிக்குப் பொட்டு

சபாரத்தினம் அண்ணைக்குக் கோபம் வருவது அரிது. ரயிலைப் பற்றி யாராவது பிழையாகச் சொன்னால் மட்டும் வரும். ரயில் கார்டாகச் சேர்ந்து ஓட்டுநரானவர் அவர். தொண்ணூறாம் வகுப்பு என்ற புதிய மின்சார எஞ்சின் லண்டன் யூஸ்டன் நிலையத்துக்கு வந்த பிறகு, நாங்கள் இருக்கும் மனோர் பார்க்கில் எந்தக் கல்யாண வீட்டிலும் அவருக்கு அதே பேச்சுத்தான். சோற்றை ஆறவிட்டுக் கேட்டவர்களில் நானும் ஒருவன். வடக்கே போகும்போது அந்த எஞ்சின் இழுக்குமாம். திரும்பும்போது அதைக் கழற்றி மாட்டத் தேவையில்லை, பின்னால் நின்றே லண்டன் வரைக்கும் தள்ளுமாம். அப்போது முன்னால் வருவது ஒரு சாமான் பெட்டி. அதற்கும் எஞ்சினைப் போலவே முகம் உண்டு, ஓட்டுநர் இருக்கை உண்டு.

அவர் அதை முதன்முதலாக ஓட்டவிருந்த காலை, மனைவி தவநாயகி முருகன் கோயில் சந்தனத்தோடு யூஸ்டனுக்குப் போனார். புது வாகனம் எதையும் பொட்டு வைக்காமல் அவர் ஓடவிட்டதில்லை. ரயில் மேடைக்குள் நுழைந்ததும் எதிர்ப்பட்ட முகத்தில், ஓட்டுநர் கதவருகே, ஆற அமர ஒரு பொட்டு வைத்தார்.

அண்ணை ஓடி வந்தார். "ஐயோ, இது எஞ்சின் இல்லையப்பா! வெறும் சாமான் பெட்டி. எஞ்சின் அங்காலை மற்றத் தலைப்பிலை நிக்குது. எத்தினை தரம் சொன்னனான்?"

தவநாயகி விரலைக் கைக்குட்டையில் துடைத்தார்.

"ஓம், சொன்னனீங்கள். எஞ்சினுக்கு ஆர் பொட்டு வைக்க வந்தது? வீட்டை வரேக்கை நீங்கள் இருக்கிறது இதுக்குள்ளைதானே?"