பச்சையாக ஓடிய வாய்க்கால்

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரு மர்பி டவுனில் குடியிருந்தோம். என் மகளுக்கு முதன்முதலாகக் கீரை மசித்து ஊட்டவேண்டிய மாதம் அது. பறித்த கையோடு வாங்க ஆசைப்பட்டு, ஒரு ஞாயிறு விடியலில் கணவரோடு ஊருக்கு வெளியே ஏரியோரத் தோட்டத்துக்குப் போனேன்.

பனிமூட்டத்தில் பாத்திகள் மிதப்பதுபோல் இருந்தன. நடுவே ஓடிய வாய்க்கால் இளம்பச்சையாக மினுங்கியது. தோட்டக்கார அம்மா கொடுத்த கீரைக்கட்டை அணைத்தபடி, கனவில் நடப்பதுபோல் வாய்க்கால் ஓரமாகவே நடந்தேன்.

என் கணவர் மட்டும் குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். உலோகங்களுக்கு முலாம் பூசும் பட்டறையில் அவருக்கு வேலை.

"நாங்க சாமான் கழுவிவிடுற தண்ணியும் இதே பச்சைதான். நிக்கல் விஷம்," என்றார்.

"மஞ்சத்தண்ணியில அலசினா போயிடாதாங்க?" என்று கேட்டேன்.

"மேல ஒட்டினது போகும். வேர் குடிச்சது எப்படிப் போகும்?"

கீரையை வரப்பிலேயே வைத்துவிட்டுத் திரும்பினோம். அன்றுமுதல் கீரைக்காரர்களிடம் விலை கேட்பதற்கு முன், எந்தத் தண்ணீரில் விளைந்தது என்றுதான் கேட்கிறேன்.

மறுநாள் மாலை அவர் பட்டறையிலிருந்து வந்து, வழக்கம்போல் வாசலில் கை கழுவினார். அந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அன்றுதான் முதன்முதலாக நின்று பார்த்தேன்.