பெட்டிக்கு ஒரு மருந்து

ஏழாவது அட்டைப் பெட்டியையும் சிஸ்டர் பிளேடால் கீறித் திறந்தார். அதிலும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள்தான். எட்டாவதில் பஞ்சும் பேண்டேஜும். ஒன்பதாவதில் காய்ச்சல் மாத்திரை, அட்டை அட்டையாக, எல்லாம் ஒரே திசை பார்த்து, அவ்வளவு அழகாக. வெள்ளம் வடிந்த ஊரின் பள்ளிக்கூடத்தில், சேறு காயாத தரையில் மண்டியிட்டிருந்தவர் பத்தாவது பெட்டியைத் தொடவில்லை. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அந்தப் பெட்டிகளைக் கட்டியவன் நான்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர் நான். சொந்த ஊர் குண்டடம் பக்கம். பெட்டிக்கு ஒரே கலர், ஒரே சைஸ் என்று கட்டிக் கட்டியே இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியவன். ஒரு பீஸ் மாறிப் போனாலும் சரக்கு திரும்பி வரும் என்பதால், கலந்து கட்டுவது என்றாலே எனக்கு ஆகாது. என் கையால் கட்டின பெட்டியில் குறை சொன்னவன் இல்லை என்று கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. சிஸ்டர் எங்கள் கம்பெனி மருந்தறையின் நர்ஸ். தாமிரபரணிப் பக்கத்துக் கிராமம். அம்மா இல்லை, அப்பா மட்டும் ஊரில். இவர் இங்கே லேடீஸ் ஹாஸ்டலில். என் மனைவி போய்ச் சேர்ந்து, மகளையும் கணியூரில் கட்டிக் கொடுத்த பிறகு நானும் தனிக்கட்டை. அத்தனை பேர் வேலை செய்கிற கம்பெனியில் மத்தியானம் தனியாக டிபன் பாக்ஸைத் திறக்கிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான், அவர் மருந்தறையில், நான் பேக்கிங் மேஜையில். ஒரு நாளும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

அந்த வருஷப் பெருமழையில் தென்மாவட்டம் மூழ்கியது. சிஸ்டரின் அப்பாவுக்குப் போன் போகவில்லை. இரண்டு நாள் அந்தப் பெண் போனைக் காதில் வைத்துக்கொண்டே ஊசி போட்டார், கட்டுப் போட்டார். முதலாளி இரண்டு வேன் பிடித்து, மருந்து வாங்கிக் கொடுத்து, ஒரு டாக்டரம்மாவையும் ஏற்பாடு செய்தார். கூடப் போக ஆள் கேட்டபோது நான் கை தூக்கினேன். வீட்டில் எனக்கு என்ன வேலை?

மருந்தைக் கட்டும்போது சிஸ்டர் வந்து சொன்னார். “அண்ணாச்சி, எல்லாப் பெட்டியிலயும் எல்லா மருந்தும் கொஞ்சங்கொஞ்சம் போட்டுக் கெட்டுங்க. சுகர் ஊசிய ரெண்டு ஐஸ் பெட்டியா பிரிச்சு வண்டிக்கு ஒண்ணா வையுங்க. அங்க எப்படி இருக்கும்னு சொல்ல முடியாது.”

“சரிங்க சிஸ்டர், நான் பாத்துக்கறனுங்க. நீங்க போயி துணிமணி எடுத்து வைங்க” என்றேன். பார்த்துக்கொண்டேனா? அவர் அந்தப் பக்கம் போனதும் என் வழக்கப்படியே கட்டினேன். பெட்டிக்கு ஒரு மருந்து, மேலே வரிசை நம்பர் மட்டும் போட்ட ஸ்டிக்கர். இன்சுலின் மொத்தமும் ஒரே ஐஸ் பெட்டியில். அதோடு புண்ணுக்குப் போடுகிற ஊசி மருந்து, பிரஷர் மாத்திரை எல்லாம் முதல் வேனில். மற்றதெல்லாம் இரண்டாவதில். இரண்டு வேனும் ஒன்றாகத்தானே போகப் போகின்றன, இந்தப் பிள்ளைக்குப் பேக்கிங்கைப் பற்றி என்ன தெரியும் என்று மனசுக்குள் ஒரு சிரிப்பு வேறு.

வேன்கள் ஒன்றாகப் போகவில்லை. ஊருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது ரோட்டில் நின்றவர்கள் மறித்தார்கள். கிழக்கே ஒரு மண்டபத்தில் நிறைய ஜனம், டாக்டர் அங்கே வேண்டும் என்றார்கள். முதல் வேன் டாக்டரம்மாவோடு அங்கே போனது. நாங்கள் இரண்டாவது வேனில் சிஸ்டரின் ஊருக்குப் போனோம். இரண்டு வண்டியிலும் எல்லாம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் அவர் வந்தார். எனக்கு அந்த நினைப்பே இல்லை. அவர் அப்பாவைப் பார்த்துவிடுவார் என்ற சந்தோஷத்தில் இருந்தேன்.

அப்பா உயிரோடு இருந்தார். பள்ளிக்கூடத்தில், சுவரோரம் பெஞ்சில் கிடந்தார். தண்ணீருக்குள் எதையோ மிதித்து வலது பாதம் கிழிந்து, வீங்கிக் கறுத்திருந்தது. தினமும் இரண்டு வேளை இன்சுலின் போடுகிறவர். மருந்து வீட்டோடு போய்விட்டது. நாலு நாளாக ஊசி இல்லை. கூப்பிட்டால் கண் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். “இந்தா மருந்து வந்துட்டுப்பா” என்று அவர் காதில் சொல்லிவிட்டு வந்த சிஸ்டர், இறக்கின சரக்கில் ஐஸ் பெட்டியைக் காணாமல்தான் அட்டைப் பெட்டிகளைத் திறக்க ஆரம்பித்தார்.

வேன் திரும்பிப் போக வழியில்லை. நாங்கள் தாண்டி வந்த சிறிய பாலம் அதற்குள் உட்கார்ந்துவிட்டது. போனும் இல்லை. முதல் வேன் போன மண்டபத்துக்கு நான் நடந்தேன். குளத்துக் கரை உடைந்திருந்ததால் சுற்றிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில், வழி கேட்டுக் கேட்டுப் போனேன். வாய் விட்டு அழுதுகொண்டே போனேன், கேட்க யாருமில்லை. ஐஸ் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மறுநாள் காலையில்தான் திரும்ப முடிந்தது. சிஸ்டர் பெட்டியை வாங்கிய வேகத்தில் ஊசி போட்டார். பொழுது சாயும்போது அப்பா கண் திறந்து தண்ணீர் கேட்டார். சுற்றி நின்றவர்கள் என் கையைப் பிடித்துக் கும்பிட்டார்கள். கூசிப் போய் வெளியே வந்து வேனுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

அடுத்த நாள் டிராக்டரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒரு நாள் முன்னால் மருந்து போயிருந்தால் கால் தப்பியிருக்குமா என்று அங்கிருந்த டாக்டரிடம் கேட்டேன். தப்பியிருக்கலாம், தப்பாமலும் போயிருக்கலாம் என்றார். அந்தப் பதிலோடுதான் இத்தனை காலம் குடும்பம் நடத்துகிறேன்.

சிஸ்டர் வேலைக்குத் திரும்பவில்லை. அப்பாவோடு ஊரிலேயே இருந்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து, பெட்டி கட்டின தப்பை அவர் அப்பாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து பஸ் ஏறிப் போனேன். பெரியவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என்னைக் காட்டினார். “இந்தத் தம்பி மட்டும் நடந்து வரலேன்னா, இந்நேரம் எனக்குப் புல்லு மொளச்சிருக்கும்.” நான் வாயைத் திறக்கப் போனேன். சிஸ்டர் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் என்னை அடுப்படிப் பக்கம் கூப்பிட்டார்.

“எதுக்கு வந்திருக்கியன்னு தெரியும். சொல்லாதிய.”

“இல்லீங்க சிஸ்டர், மனசு கேக்க மாட்டீங்குது. நீங்க படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க...”

“சொன்னா நீங்க எறக்கி வச்சிட்டுப் பஸ் ஏறிருவிய அண்ணாச்சி. அவரு ஒத்தக் காலோட அதையும் செமக்கணும். ஒரு மனுசன் நமக்காவ தண்ணிக்குள்ள நடந்து வந்தாம்னு நெனச்சுக்கிட்டுக் கெடக்காரு. அப்படியே கெடக்கட்டும்.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகவும் சொல்லவில்லை. மருந்தறையில் மாத்திரையைக் கொடுத்துச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க என்று சொல்வாரே, அதே குரல். நான் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை பத்து மணிக்குப் பெரியவர் போன் செய்வார். சாப்பிட்டேனா, என்ன குழம்பு, மகள் வந்தாளா என்று எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் அந்தப் புல்லு முளைத்த கதைக்கு வந்துவிடுவார். “உடம்பப் பாத்துக்குங்கய்யா” என்று சொல்லி வைத்துவிடுவேன். சில வாரம் வேண்டுமென்றே குளிக்கப் போய்விடுவேன். விடமாட்டார் மனுஷன், பத்தரைக்கு மறுபடி அடிப்பார்.

போன மாதம் பெரியவர் தூக்கத்திலேயே போய்விட்டார். காரியத்துக்குப் போனேன். பந்தலில் என்னை முன்வரிசையில் உட்கார வைத்து, திருப்பூர்க்காரர் இவர்தான் என்று உறவுக்காரர்களுக்குச் சொன்னார்கள். கிளம்பும்போது பஸ் ஸ்டாப் வரைக்கும் சிஸ்டர் வந்தார். தலையில் நரை விழுந்திருந்தது.

“இனிச் சொல்லலாமுங்களா, சிஸ்டர்?” என்று கேட்டேன்.

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இனி யார்ட்ட அண்ணாச்சி சொல்லப் போறிய?” என்றார்.

பஸ் வந்தது, ஏறிவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குளித்துச் சாப்பிட்டு, பத்து மணிக்குப் போனை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்தரை ஆயிற்று, பதினொன்றும் ஆயிற்று. என்ன குழம்பு என்று கேட்க ஒருத்தரும் இல்லை.