தானாகப் பூட்டிக்கொண்ட கம்ப்யூட்டர்

ஒரகடத்தில் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் அப்போது நான்தான் கம்ப்யூட்டர் ஆள். என் மேசையில் இருந்தது லினக்ஸ், விவரம் தெரிந்தவர்கள் மட்டும் வைத்துக்கொள்ளும் இயங்குதளம். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. லாரி ஏற்றும் டிஸ்பாட்சில் இருந்தது விண்டோஸ். அந்தத் திரையை என் இடத்திலிருந்தே திறந்து பார்க்க வழி செய்யச் சொன்னார்கள். வெயிலில் அவ்வளவு தூரம் நடக்க வேண்டாமே என்று குஷியாகத் தலையாட்டினேன்.

இணைப்பு கிடைக்கும், ஒரே நிமிடத்தில் அறுந்துவிடும். தினமும் ஒரு செட்டிங்கை மாற்றி மறுபடி முயல்வேன். விண்டோஸிலிருந்து போயிருந்தால் ஏன் அறுந்தது என்று ஒரு வரியாவது சொல்லியிருக்கும். என் லினக்ஸ் ஜன்னலை மூடிவிட்டு வாயையும் மூடிக்கொண்டது. இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை என்று முடிவு கட்டினேன்.

அதே வாரம் டிஸ்பாட்சில் இன்வாய்ஸ் அடிக்கும் அக்காவிடமிருந்து போன்மேல் போன். பிள்ளைப்பாக்கத்துக்காரர். பேக்கிங் லைனில் நான்கு வருடம் நின்று, வேலை முடிந்து டைப்பிங் கிளாஸுக்கும் போய், அந்த நாற்காலிக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கம்ப்யூட்டர் தானாகப் பூட்டிக்கொள்கிறது என்பார். நான் போய்ப் பார்க்கும்போது அது சமர்த்தாக ஓடும். மெஷினில் கோளாறு இல்லை என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு வருவேன். இரண்டு தடவை பயந்துபோய் அக்கா சுவிட்சையே அணைத்ததில், பாதி அடித்த இன்வாய்ஸ் போய் லாரி காத்து நின்றது. என் பேச்சை நம்பி, திங்கள் முதல் அக்கா பழையபடி பேக்கிங்குக்கு என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை கடைசியாக ஒரு பார்வை பார்க்கப் போனேன். அக்கா தினசரி காலண்டரில் கிழித்த தாள்களை என் முன்னால் வைத்தார். ஒவ்வொன்றிலும் கம்ப்யூட்டர் பூட்டிக்கொண்ட நேரத்தைப் பேனாவால் எழுதியிருந்தார்.

"எல்லாருக்கும் ராகு காலத்துலதான் பிரச்னை வரும் தம்பி. எனுக்கு மட்டும் அது முடிஞ்சதும் வருது. இது இன்னா கணக்குனே தெரியல."

திங்கள் ஒன்பது. செவ்வாய் நாலரை. புதன் ஒன்றரை. வியாழன் மூன்று. அத்தனையும் நான் இணைப்புக் கொடுத்த நேரம். புதிதாக எதையும் ராகு காலத்தில் தொடங்காதே என்று விருதுநகரிலிருந்து அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். நானும் தினமும் அது முடியக் காத்திருந்துதான் இணைப்புக் கொடுப்பேன். நான் உள்ளே நுழைந்தால் அக்காவின் திரை பூட்டிக்கொள்ளும். அவர் பாஸ்வேர்டு போட்டுத் திறந்தால் நான் வெளியே விழுவேன். ஒரே திரைக்காக இரண்டு பேரும் நான்கு நாள் மல்லுக்கட்டியிருக்கிறோம், ஒருவருக்கொருவர் தெரியாமலே.

தாள்களை எடுத்துக்கொண்டு நேராக சூப்பர்வைசரிடம் போனேன், அக்காவையும் அழைத்துக்கொண்டு. தப்பு முழுக்க என்னுடையது என்றேன். அதென்ன தினமும் ஒரு நேரம் என்று கேட்டார். லினக்ஸ் கர்வத்தோடு திரிந்தவன், லைனில் இருந்தவர்கள் காதுபட ராகு காலத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். மானம் போனாலும் மனசு லேசாகிவிட்டது. சிரித்து முடித்ததும் பேக்கிங் பேச்சை சூப்பர்வைசர் கைவிட்டார்.

இருவரும் ஒரே நேரத்தில் ஒரே திரையைப் பார்க்கிற வேறு மென்பொருளைச் சனிக்கிழமை போட்டேன். திங்கள் காலை எட்டு மணிக்கு அக்கா அதே நாற்காலியில் இருந்தார். சோதித்துப் பார்க்க ஒன்பது மணிவரை பொறுக்கலாமா என்று போனில் இழுத்தேன்.

"வாணாம் தம்பி, இப்பவே உள்ள வா. ராகு காலத்துல என் கம்ப்யூட்டர் ஒரு நாளும் மக்கர் பண்ணதில்ல."